இங்கிலாந்தின் ஜாரோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. முதியோர் இல்ல வேலை பழகிவிட்டது. அரிசி, பருப்பு வாங்க மெட்ரோ ரயிலில் நியூகாசில் போய்வருகிறேன்.

ஆற்றங்கரை ஊர் என்கிறாயே, கப்பல் கட்டுகிற இடம் இல்லையா என்று போனில் கேட்டீர்கள். இருந்தது அப்பா. பால்மர்ஸ் என்று பெயர். 1852-லிருந்து ஏறக்குறைய ஆயிரம் கப்பல்கள் கட்டி டைன் ஆற்றில் இறக்கியிருக்கிறார்கள். நான் பார்த்துக்கொள்ளும் தாத்தா ஒருவரின் அப்பா அங்கே கப்பல் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்தவர். "ஆர்டரைக் கொண்டுபோனது வெளிநாட்டுக்காரன், பூட்டுப் போட்டது எங்க ஆளுங்கதான்" என்பார் தாத்தா. அதைக் கேட்டபிறகுதான் நூலகத்தில் தேடிப் படித்தேன்.

முதல் உலகப் போரில் மூழ்கிய கப்பல்களுக்கு ஈடுகட்ட ஊருக்கு ஊர் கப்பல் தளங்கள் பெருகின. அந்த வேலை தீர்ந்ததும் ஆர்டருக்கு அடிதடி. 1925-ல் ஃபர்னஸ் வித்தி என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியே ஐந்து டீசல் கப்பல்களை ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கட்டக் கொடுத்துவிட்டது. அங்கே விலை அவ்வளவு குறைவு. நார்வே முதலாளிகள் டீசல் கப்பலுக்கு ஸ்வீடனையும் டென்மார்க்கையும் தேடிப் போனார்கள். நிலக்கரி நாடான இங்கே நிலக்கரியில் ஓடும் நீராவிக் கப்பலைக் கைவிட மனசு வரவில்லை.

சரி, அது வியாபாரம். அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. 1930-ல் கப்பல் தள முதலாளிகளே சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கி, போட்டியைக் குறைக்க நொடித்த தளங்களை வாங்கி வாங்கி மூடினார்கள். 1934-ல் பால்மர்ஸும் அவர்கள் கைக்குப் போனது. அந்த இடத்தில் 40 வருஷத்துக்குக் கப்பலே கட்டக்கூடாதென்று நிபந்தனை வேறு! ஊரில் பெரும்பாலான ஆண்களுக்கு வேலை இல்லை. 1936 அக்டோபரில் 200 பேர் வேலை கேட்டு மனுவைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்கே நடந்தார்கள். தொகுதி எம்.பி. எல்லன் வில்கின்சன் வழியில் பல நாள் கூடவே நடந்திருக்கிறார். மனுவை வாங்கி வைத்ததோடு சரி, பாராளுமன்றத்தில் அதைப் பற்றி விவாதம்கூட நடக்கவில்லை.

மெட்ரோ நிலையத்தில் அவர்களுக்குச் சிற்பம் வைத்திருக்கிறார்கள். படத்தைத் தம்பி போனுக்கு அனுப்புகிறேன்.

தூத்துக்குடி துறைமுகத்தில் நீங்கள் சரக்கு இறக்கிய பழைய கப்பல்களில், கட்டிய ஊர் பொறித்த பித்தளைத் தகடு இருக்கும் என்பீர்களே. எதிலாவது ஜாரோ என்று இருந்ததா? ஞாபகம் வந்தால் எழுதுங்கள். தாத்தாவிடம் சொல்ல வேண்டும்.

அன்பு மகள்,
மீனா