அரை மில்லிமீட்டரை அளந்தவர்களுக்கு நன்றி

டோக்கியோவில் என் இரைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மொழிபெயர்க்கத் துணைக்கு வந்த நண்பர்களுக்கும் வணக்கம்.

அலுவலக உடல்நலப் பரிசோதனையில் தென்பட்ட சிறு பள்ளத்தைச் சாதாரண இரைப்பைப் புண் என்று விட்டுவிடாமல், சிறு திசுவைக் கிள்ளியெடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்த மருத்துவருக்கு முதல் நன்றி. அடுத்து, வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே புற்றை ஒரே துண்டாக அறுத்தெடுத்தவருக்கு. "முழுமையாக வந்துவிட்டது; ஆனாலும் பேத்தாலஜி (திசு ஆய்வு) அறிக்கை வரும்வரை முடிந்ததாக நினைக்க வேண்டாம்" என்று அவர் அன்றே சொல்லிவைத்ததால்தான் பின்னால் நான் இடிந்துபோகவில்லை.

அந்தத் திசு ஆய்வைச் செய்த, நோயாளிகள் பெரும்பாலும் முகம் பார்த்திராத நோய்க்குறியியல் மருத்துவருக்குத்தான் நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன். பலகையில் ஊசி குத்தி விரித்து, 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நறுக்கிய அந்தத் துண்டில், புற்று சளிச்சவ்வைத் தாண்டி அதன் கீழடுக்கில் அரை மில்லிமீட்டருக்கும் ஆழமாக இறங்கியிருந்ததை அவர் அளந்தார். நிணநீர்க் குழாயின் சுவரைப் பழுப்பாகக் காட்டும் சாயமிட்டு, அந்த வளையத்துக்குள் புற்றணுக்கள் சில ஒண்டிக் கிடந்ததையும் கண்டார்.

அறுவை மருத்துவர் என்னையும் என் மனைவியையும் உட்காரவைத்து, புற்று நிணநீர்க் குழாய் வழியே அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பைக் கணிக்க ஜப்பானிய மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட மதிப்பெண் முறையைப் பொறுமையாக விளக்கினார். குழாயில் நுழைந்ததற்கு 3, ஆழத்துக்கு 1, ஆக எனக்கு 4. 2 முதல் 4 வரை பெற்றவர்களில் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது 6.7 விழுக்காட்டினருக்கே. ஆனால் நுண்ணிய பரவல் ஸ்கேனில் தெரியாது, கணுக்களை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதையும் மறைக்காமல் சொல்லி, முடிவை எங்களிடமே விட்டார். இரைப்பையில் பாதியையும் கணுக்களையும் எடுக்கும் அறுவைக்குச் சம்மதித்தேன். எடுத்த கணுக்கள் எதிலும் புற்று இல்லை. வீணாக இரைப்பையில் பாதியை இழந்தாயே என்று உறவினர் சிலர் வருந்துகிறார்கள்; எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் அறியாத 5265 பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும். டோக்கியோவின் இரு மருத்துவமனைகளில் ஆரம்பநிலைப் புற்றுக்காக அறுவை செய்துகொண்ட அவர்களுடைய கணுக்களை ஆராய்ந்த முடிவு 2000இல் வெளியானது. சளிச்சவ்வோடு நின்ற, குழாய்களில் நுழையாத, 3 சென்டிமீட்டருக்கு மேற்படாத, நன்கு வேறுபட்ட வகைப் (இயல்பான திசுவின் அமைப்பைப் பெரிதும் ஒத்த) புற்று கொண்ட 1230 பேரில் ஒருவருக்கும் கணுக்களில் பரவல் இல்லை. இன்று பலர் எண்டோஸ்கோபியோடு வீடு திரும்புவது அவர்கள் இரைப்பையைக் கொடுத்துக் கற்பித்ததால்தான்.

சிறிது சிறிதாக, மென்று சாப்பிடப் பழக்கிய வார்டு செவிலியர்களுக்கும், குழைந்த ரசம் சாதத்தோடு வந்த நண்பர்களின் குடும்பங்களுக்கும் எங்கள் இருவரின் நன்றி.

இப்படிக்கு,
நன்றியுடன் ஒரு நோயாளி