ரொக்கி பிறாண்டிய கதவு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கதவுப் படத்தைச் சின்னம்மா காட்டினாள். அவளைப் பேசாதே, நான்தான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். காலம் முழுக்கக் கதவும் நிலையும் யன்னலும் செய்த தகப்பன் இருக்க, நீ சின்னம்மாவிடம் யோசனை கேட்கிறாய். சரி, அதை விடு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைபிடிக்குக் கீழே நெடுக்காக இறங்குகிற கீறல்கள் ரொக்கியின் நகம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் நிலையின் அடியில், தரையோடு சேருகிற இடத்தில், உள்மரம் தின்னப்பட்டு மேல்தோல் மட்டும் நிற்கிறது, பக்கத்துச் சுவரில் மண் கோடும் ஏறியிருக்கிறது. அது கறையான். விரல் முட்டியால் தட்டிப் பார், உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம் கேட்கும். பிணைச்சல் துருப்பிடித்தது உப்புவெளிக் கடற்காற்றால், அதற்கும் நாய்க்கும் சம்பந்தமில்லை. நிலையோடு முழுக்க மாற்றித் தா, இல்லாவிட்டால் அட்வான்சில் கழிப்பேன் என்று வீட்டுக்காரர் சொன்னாராம். கீறலுக்கு நாங்கள் பொறுப்பு. கறையானுக்கும் உப்புக்காற்றுக்கும் இல்லை.

இதைச் சண்டையாகச் சொல்லாதே. நாயோடு வந்தால் வீடு இல்லை என்று மற்றவர்கள் சொன்ன நேரம் சரி என்றவர் அவர் ஒருவர்தான். அவரைக் கூட்டிவந்து நிலையைத் தட்டிக் காட்டு. இப்போதே மருந்து அடிக்காவிட்டால் கூரை மரத்துக்கு ஏறிவிடும் என்று சொல், அது அவருக்கும் நல்லதுதானே. குடிபோன அன்று வீடு முழுக்கப் படம் எடுத்து வை என்று நான் சொன்னபோது மருமகன் சிரித்தார், ஆனாலும் எடுத்தார். அந்தப் படங்களைத் தேடி எடு. ஆனால் முதலில் கீறலை நீயே வாயால் ஒத்துக்கொள், அதற்குப் பிறகுதான் கறையான் கதை.

பெயின்ட் அடித்து மறைக்கலாம் என்று சின்னம்மா சொன்னாளாம். கூடாது. அது பலா மரம், பெயின்ட் பட்டால் கதவின் அழகே போய்விடும். ஆழமான கீறல்களுக்கு அதே மரத்தின் தூளைப் பசையோடு குழைத்து அடைத்து, காய்ந்த பிறகு 120 சாண்ட் பேப்பர், அப்புறம் 220, இரண்டையும் மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே இழுக்க வேண்டும், குறுக்கே இழுத்தால் நாய் கீறியதை விட மோசமாகத் தெரியும். அதன் பிறகு சீலர், வர்ணிஸ். ஐப்பசி மழை தொடங்க முன் முடிக்க வேண்டும், ஈரத்தில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். கச்சான் காற்று நாளும் சரிவராது, தூசி எல்லாம் வந்து ஒட்டும்.

அறை மூலையில் ரொக்கி மூத்திரம் பெய்த இடத்தைச் சாதாரணமாக நினைக்காதே. சீமெந்துத் தரை உறிஞ்சி வைத்திருக்கும், இப்போது மணம் போனமாதிரி இருந்தாலும் மாரியில் ஈரம் ஏறியதும் திரும்ப வரும், வந்தால் ரொக்கி திரும்பவும் அங்கேயே போகும். வினாகிரியைத் தண்ணீரில் கலந்து ஊறவிட்டுக் கழுவு. குளோரின் ஊற்றாதே. மூத்திரத்தோடு சேர்ந்தாலும் வினாகிரியோடு சேர்ந்தாலும் அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, உனக்கு ஏற்கனவே இழுப்பு இருக்கிறது.

வீட்டில் ஆள் இருந்த காலத்தில் ரொக்கி அந்தக் கதவைத் தொட்டதே இல்லை. ஆட்கள் வெளியே போகிற கதவைத்தான் நாய் பிறாண்டும், தனிய விட்ட பயம் அது, குழப்படி இல்லை. பள்ளிக்கூடம் போக முதல் கடற்கரையில் நன்றாக நடத்து. புறப்படுகிற நேரம் கட்டிப்பிடித்துக் கொஞ்சாதே. லீவு நாளில் 5 நிமிடம் வெளியே போய் வா, பழகிய பிறகு 10, பிறகு அரை மணித்தியாலம். அடிக்க மட்டும் வேண்டாம், எதற்கு அடி விழுகிறது என்று அதற்கு விளங்காது, நீ வீட்டுக்கு வருவதற்கே பயப்படும்.

தனிய இருப்பது யாருக்கும் லேசில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. மருமகன் முந்தி சனிக்கிழமைகளில் எடுத்துக் கதைப்பார், இப்போது எடுப்பதில்லை, வேலை கூடியிருக்கும். அம்மன் கோயில் பொங்கலுக்கும் நீ வரவில்லை, ரொக்கியைப் பார்க்க ஆளில்லை என்றாய். அதையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, இங்கே வளவு கிடக்கிறது. அம்மா உனக்கென்று எடுத்து வைத்த மோதகத்தை இரண்டு நாள் யாருக்கும் கொடுக்கவில்லை.

2006இல் சண்டை வந்து சம்பூரை விட்டு ஓடி, கிளிவெட்டி முகாமில் தகரத்துக்குக் கீழே இருந்து படித்த பிள்ளை, இன்று டவுணில் தன் சம்பளத்தில் வாடகை கட்டுகிறாள் என்று நான் சொல்லாத ஆள் இங்கே இல்லை. அந்தப் பிள்ளை ஒரு கதவுக்குப் பயந்து போனை நிறுத்தி வைக்கலாமா? நாயை யாரிடமாவது கொடுத்துவிடு என்று சின்னம்மா சொல்லுவாள், கேட்காதே. அன்று எங்கள் நாய் மணியை விட்டுவிட்டு வந்த நாள் எனக்கு மறக்கவில்லை, உனக்கும் மறந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஆயுதப் பெட்டியோடு வருகிறேன். பலா மரத்தூள் இங்கிருந்து கொண்டுவருவேன், சாண்ட் பேப்பரும் சீலரும் டவுணில் வாங்கலாம், நீ காசு ஒன்றும் தேடாதே. அம்மாவும் வரப்போகிறாளாம். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அவள் கேட்க மாட்டாள், நான் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரரிடம் சனிக்கிழமைக்கு முன் நீயே போய்ச் சொல்லிவிடு, அவர் சம்மதம் இல்லாமல் அவர் கதவில் நான் கை வைக்க மாட்டேன்.

அப்பா