டேக் ஒட்டினால் புத்தகம் கிடைத்துவிடுமா?

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷன் முடிந்து, எதையும் படிக்கக் கூடாது என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். பேத்திதான் வாசித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்தி, "இந்தக் கையெழுத்தைப் படிக்க ஏதாவது ஸ்கேனர் இருக்கிறதா தாத்தா?" என்று கேட்டாள். இப்போது எனக்கே எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உன் கிறுக்கலும்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நூலகத்துக்கு ஆர்எஃப்ஐடி, அதாவது ரேடியோ அலையில் தன் அடையாள எண்ணைச் சொல்லும் டேக் போடச் சொல்கிறார்கள், அதை ஒட்டிவிட்டால் தொலைந்த புத்தகம் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். முடியாது. இருபது வருஷம் கிடங்கு கிடங்காக இதை மாட்டிக்கொண்டு திரிந்தவன் சொல்கிறேன், முதலில் அந்த ஆசையை விட்டுவிடு. வரைபடத்தில் புள்ளி நகர்ந்து போவது ஜிபிஎஸ் வேலை. உன் புத்தகத்தில் ஒட்டப்போகிற ஸ்டிக்கரில் பாட்டரியே கிடையாது. அதைப் படிக்கும் கருவியான ரீடர் பக்கத்தில் வந்து "யார் நீ?" என்று கேட்டால் தன் எண்ணைச் சொல்லும். கேட்க ஆள் இல்லாவிட்டால் வெறும் காகிதம்.

பாட்டரி இல்லாமல் எப்படிப் பேசும் என்று கேட்பாய். நூலகங்களில் பெரும்பாலும் ஒட்டுவது 13.56 மெகாஹெர்ட்ஸ் ஸ்டிக்கர். அதன் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால், ஓரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் மெல்லிய உலோகத் தடம் தெரியும். தடம் முடிகிற இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி, கடுகில் பாதிகூட இருக்காது. புள்ளிதான் சிப், சுற்றியிருப்பது ஆன்டெனா. ரீடரிலும் இதே மாதிரி ஒரு சுருள் உண்டு. அதில் ஓடும் மின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, அந்தப் புலத்துக்குள் வந்த ஸ்டிக்கரின் சுருளில் கொஞ்சம் மின்சாரம் பிறக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்வதும் இப்படித்தான். அந்தத் துளி மின்சாரத்தில் சிப் விழித்துக்கொண்டு, தான் இழுக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து எண்ணைச் சொல்கிறது. கிணற்றில் கயிறு விட்டவனுக்கு, கீழே யாரோ வாளியை இழுத்து இழுத்து விட்டால் மேலே கையில் தெரியும் அல்லவா? ரீடருக்குத் தெரிவதும் அப்படித்தான்.

நான் கிடங்குகளில் மாட்டியது வேறு ரகம், யுஎச்எஃப் என்ற உயர் அலைவரிசை டேக். 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை, நாட்டுக்கு நாடு அலைவரிசை கொஞ்சம் மாறும். அங்கே ரீடர் அனுப்பும் ரேடியோ அலையை டேக் திருப்பி அடிக்கிறது, அடிக்கும் அளவைக் கூட்டிக் குறைத்துச் சேதி சொல்கிறது. கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து எதிர் மாடிக்குச் சைகை காட்டுவோமே, அதே வித்தைதான். பல மீட்டர் தூரம் எட்டும்.

இந்த வித்தைக்கு வயதும் அதிகம். 1945இல் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்கு சோவியத் பள்ளிப் பிள்ளைகள் மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அது அவர் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது. உள்ளே ரஷ்யக் கண்டுபிடிப்பாளர் லெவ் தெரெமின் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது 1952இல்தான் தெரியவந்தது. பாட்டரியும் இல்லை, ஒயரும் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் மட்டும், அறையில் நடக்கும் பேச்சைச் சுமந்த அலையைத் திருப்பி அனுப்பும். அது எண் சொல்லவில்லை, ஊர்ப்பேச்சைச் சொன்னது. மற்றபடி நம்ம டேக்குக்குப் பெரியப்பா முறைதான். பிரதிபலிக்கும் அலையிலேயே செய்தி அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948இல் கட்டுரையே எழுதினார். ஆனால் அதை மலிவான ஸ்டிக்கராக்க, இத்தனூண்டு சிப் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் அவமானக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிடங்கு வாசலில் யுஎச்எஃப் ரீடர் மாட்டினோம். முதல் நாள் முதல் லாரி. ஏற்றியது ஒரு மூலைச் சரக்கு, கம்ப்யூட்டர் கணக்குப்படி கிடங்கே காலி! மேலாளர் திரையைப் பார்க்கிறார், பிறகு பின்னால் மலைமாதிரி நிற்கும் பெட்டிகளைப் பார்க்கிறார், அப்புறம் என்னைப் பார்க்கிறார். இரும்பு ஷட்டரில் பட்டுத் தெறித்த அலை, உள்ளே அடுக்கியிருந்த டேக்குகளையெல்லாம் எழுப்பிவிட்டிருந்தது. ரீடருக்கு ஒரு டேக் பதில் சொன்னது மட்டும்தான் தெரியும். அந்தப் பெட்டி வாசலைத் தாண்டியது என்பது நாங்களாகச் சேர்த்துக்கொண்ட கற்பனை. பவரைக் குறைத்து, ஆன்டெனாவைத் திருப்பி, வாசலோரப் பெட்டிகளை நகர்த்திய பிறகுதான் கணக்கு சரியானது. அதே இடத்தில் திரவம் நிறைந்த பாட்டில் பெட்டிகளை அடுக்கினால் நேர்மாறு. நடுவில் இருப்பவை வாயே திறக்காது, யுஎச்எஃப் அலையைத் தண்ணீர் குடித்துவிடும். மனிதன் குறுக்கே நின்றாலும் இதே கதை. நாமும் பெரும்பாலும் தண்ணீர்தானே.

உன்னுடைய 13.56 ரகத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. தண்ணீரைச் சட்டை செய்யாது, தூரமும் எட்டாது. கைரீடர் என்றால் ஒரு முழத்துக்குள்தான். அடுத்த அறையில் இருப்பது தவறிப்போய்ப் பதிவாகாது என்பதால் உனக்கு இந்தக் குட்டைப் பார்வை நல்லதே. உலோகம் மட்டும் இதற்கும் ஆகாது. சிடி இருக்கும் புத்தகம், ஜிகினா அட்டை, இரும்பு அலமாரியின் பக்கச்சுவரை ஒட்டிய கடைசிப் புத்தகம் இவையெல்லாம் தகராறு செய்யும். ஒல்லிப் புத்தகங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் ஒட்டினால், அடுக்கும்போது ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் வந்து ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்கு நடுவில், ஒன்றுக்குக் கீழே என்று மாற்றி மாற்றி ஒட்டச் சொல்.

அப்புறம், இதில் லாபமே இல்லையா என்றால், உண்டு. கைரீடரை அலமாரி ஓரமாக ஓட்டிக்கொண்டு போனால், புத்தகத்தை உருவாமலே ஒவ்வொன்றின் எண்ணும் பதிவாகும். பார்கோடு வைத்துக்கொண்டு நீ வருஷா வருஷம் படும் பாடு எனக்குத் தெரியும். புத்தகங்கள் பல நேரம் தொலைவதில்லை, தட்டு மாறி உட்கார்ந்திருக்கும், இது உனக்கே தெரியும். தேடும் எண்ணைக் கொடுத்துவிட்டு நடந்தால், அந்த இடம் வந்ததும் ரீடர் சத்தம் போடும். ஆனால் யாராவது நடக்க வேண்டும், சங்கரா. கம்ப்யூட்டர் காட்டும் இடம், கடைசியாக ஒருவர் ரீடரோடு நடந்த அன்றைய இடம்.

எனக்குப் பயமே டேக் ஒட்டும் நாளைப் பற்றித்தான். சிப்புக்குப் புத்தகம் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். எந்த எண் எந்தப் புத்தகம் என்று முடிச்சுப் போடுவது மனுஷன். ஒட்டுகிறவர் ஒருவர், பதிகிறவர் ஒருவர் என்று பிரித்தால், மதியத் தூக்கத்தில் ஒரு புத்தகம் நழுவினாலும் அதற்குப் பின்னால் வரிசை முழுக்க ஒன்று தள்ளிப் பதிவாகும். மெஷின் அதைக் கடைசிவரை கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கும். ஒருவரே ஒட்டி, பார்கோடைப் படித்து, டேக்கில் எழுதி, அதைத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். எழுதியதைப் பூட்டவும் சொல், இல்லாவிட்டால் செல்போன் வைத்திருக்கும் எந்தப் பையனும் மாற்றி எழுதலாம். தலைப்பு, வாசகர் பெயர் எதுவும் டேக்கில் வேண்டாம். யார் என்ன படிக்கிறார்கள் என்பது பக்கத்தில் போகிற ரீடருக்கு எதற்கு? பதியாத புத்தகம் வெளியே போனால் கத்தும் வாசல் கேட் ரீடரையும் ரொம்ப நம்பாதே, அலுமினியத் தாள் சுற்றினால் அது கண்ணை மூடிக்கொள்ளும்.

விற்க வருபவர் தன் மாதிரிப் புத்தகங்களோடு வருவார். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, உன் அலமாரியிலேயே மோசமான ஒரு தட்டைக் காட்டிப் படிக்கச் சொல். பதில் அங்கேயே தெரிந்துவிடும்.

இதோடு இரண்டு ஸ்டிக்கர் வைத்திருக்கிறேன். ஒன்றை டார்ச்சில் பார். இன்னொன்றை, உன் செல்போனில் என்எஃப்சி, அதாவது இந்த ரக ஸ்டிக்கரைப் படிக்கும் வசதி இருந்தால், அதன் பின்பக்கம் வைத்துப் படித்துப் பார். ஆப் வேண்டுமென்றால் யாராவது சின்னப் பிள்ளையைக் கேள். எண்ணும் எழுத்துமாகப் 16 இடம் வரும். அதை எனக்கு எழுதி அனுப்பு, இங்கே குறித்து வைத்திருக்கிறேன், ஒத்துப்பார்க்கலாம். தயவுசெய்து பெரிய எழுத்தில் எழுது.

உன்,
ராமு