எம்டன் குண்டு விழுந்த இடத்தில் தமிழ் விளக்கப் பலகை வைக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஜாப் டைப்பிங் கடைக்காரர்,
பாரிமுனை, சென்னை 600001.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை 600003.

பொருள்: சென்னை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் உள்ள எம்டன் நினைவுக் கல் – வெளியே நடைபாதையில் தமிழ் விளக்கப் பலகை வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பாரிமுனையில் இருபத்தாறு வருடமாக ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று ஊரார் மனுவையெல்லாம் அடித்துக் கொடுத்த கை இது. எனக்கென்று அடிப்பது இதுதான் முதல் மனு.

போன மாதம் உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து நில வழக்குக்காக ஒரு பெரியவர் வந்திருந்தார். வாய்தா வாங்கிக்கொண்டு, ஒரு அஃபிடவிட் அடிக்க என் கடையில் உட்கார்ந்தார். கூட வந்த பேரனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். "சார், கோர்ட்டு சுவத்துல ஒரு கல்லு இருக்கே, குண்டு போட்டது யாரு?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிருந்த வக்கீல் குமாஸ்தா, "ஜப்பான்காரன்டா" என்றார். டீ கொண்டுவந்த தம்பி, "இல்லண்ணே, நம்ம செண்பகராமன் பிள்ளை" என்றான். பையன் விடாமல் மேலும் துருவவே, தாத்தா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "சும்மா இருடா, எம்டன்!" என்றார்.

பையன் கேட்ட கேள்விக்குப் பதில் தாத்தாவின் திட்டிலேயே இருந்தது. அது அவருக்கும் தெரியவில்லை.

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையை நெருங்கி வந்தது. தலைவர் கார்ல் ஃபான் முல்லர். பார்ப்பவர்கள் ஆங்கிலேயக் கப்பல் என்று ஏமாறட்டும் என்று, மூன்று புகைபோக்கி உள்ள கப்பலில் நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு இந்தியப் பெருங்கடலில் திரிந்தவர் அவர். அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். குறி, துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. அந்தக் குண்டுகளில் ஒன்றுதான் உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரைப் பதம் பார்த்தது. 1892இல் திறந்த கட்டடம். அப்போது வயது 22. அதன் கோபுர உச்சியில்தான் 1894 முதல் கலங்கரை விளக்கமும் இருந்தது.

சேதம் பெரிதில்லை; பயம்தான் பெரிது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். அதே வருடம் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை அடித்து முடித்தது. கப்பல் போனாலும் பெயர் நம் வாயில் தங்கிவிட்டது. கெட்டிக்காரன், எமகாதகன், எங்கே எப்போது வருவான் என்று தெரியாதவன், எல்லோருமே நமக்கு எம்டன்தான்.

சுவரில் உள்ள கல் சிறியது. சம்பவத்தைக் குறிக்கத்தான் அதில் இடம் உண்டு, கதை சொல்ல இடமில்லை. வளாகத்துக்குள் ஏதாவது வைக்கலாம் என்றால், அங்கே சோதனை தாண்டி நுழைவது வழக்கு உள்ளவர்கள்தான். நடைபாதை மாநகராட்சியுடையது என்பதால் தங்களிடம் வருகிறேன்.

கேட்பது ஒரே ஒரு பலகை. நிற்பவர் கண் மட்டத்தில், கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில், முதலில் தமிழில். நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் சுவரை ஒட்டி இருந்தால் போதும். ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டது 1943இல், அது வேறு போர் என்று ஒரு வரி அவசியம் வேண்டும், குமாஸ்தாக்களுக்காகவே கேட்கிறேன். செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. 1914இல் சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்தவர் அவர். அவருடைய பெருமைக்கு இந்தக் கப்பல் தேவைப்படாது. ஆகவே பலகையில் அந்தக் கதை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது: திறந்து வைப்பவர் பெயர் எம்டன் பெயரைவிடப் பெரிதாக இருக்க வேண்டாம்.

வரும் செப்டம்பர் 22க்குள் பலகை நிற்குமாறு ஆவன செய்ய வேண்டுகிறேன். வாசகத்தின் வரைவு ஒன்றரைப் பக்கம் இணைத்துள்ளேன். திருத்தம் சொன்னால் மறுபடி அடித்துத் தருகிறேன். பக்கத்துக்கு வாங்கும் கூலி இதற்குக் கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: பலகை வாசக வரைவு – 1