தாமோதர் மடங்கும் இடம்

ஐயா,

மேற்கு வங்க வெள்ளம் என்றாலே 'அணை திறந்தார்கள்' என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. தாமோதர் ஆற்றின் வழியையும் பார்க்க வேண்டும்.

சோட்டா நாக்பூர் மேட்டில் பிறக்கும் தாமோதர், நிலக்கரி வயல்களைக் கடந்து கிழக்கே ஓடி, ஜார்க்கண்ட்–மேற்கு வங்க எல்லையில் பராக்கர் ஆற்றோடு சேர்கிறது. சேருமுன் பராக்கரில் மைதான் அணை (1957), தாமோதரில் பஞ்சேத் அணை (1959). அதற்குக் கீழே உள்ள துர்காபூர் வெறும் தடுப்பணை. வெள்ளத்தைப் பிடித்துவைக்க அதில் இடமில்லை, வந்தது அப்படியே போகும்.

பர்தமான் தாண்டியதும் ஆறு சட்டென்று தெற்கே மடங்குகிறது. சரிவு குறைய, மணல் படிகிறது. ஜமால்பூருக்குக் கீழே இரண்டாகப் பிரிந்து, பெரும்பங்கு நீர் முண்டேஸ்வரி என்ற கிளை வழியாக ரூப்நாராயண் ஆற்றில் விழுகிறது. பழைய தாமோதர் மெலிந்து, ஆம்தா வழியே ஹூக்ளியை அடைகிறது. ரூப்நாராயணில் கடல் ஓதம் ஏறும் நேரத்தில் வெள்ளமும் வந்தால் வடிய வழியேது? ஹூக்ளி மாவட்டத்துக் கானாகுல் மூழ்குவது இதனால்தான்.

பர்தமான் நகரையும் ரயில் பாதையையும் காக்க இடது கரையைத்தான் பலப்படுத்தினார்கள். வலது கரைக்காரர்கள் அன்றிலிருந்தே ஏமாளிகள். மேலே இன்னோர் அணை கட்டுவதைவிட, முண்டேஸ்வரியில் மணல் அள்ளுவது முதல் வேலை.