சூடேறும் மடிக்கணினி பற்றி நண்பருக்கு

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. திருக்கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை இம்முறையும் நீரே படம்பிடித்தீர் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஆனால் அந்த வீடியோவைத் தொகுத்து முழுக் கோப்பாக்கும் எக்ஸ்போர்ட் வேலையைக் கொடுத்தால் மடிக்கணினி கொதித்து, பாதியில் தானாகவே அணைந்துவிடுகிறது என்றும், வைரஸாக இருக்குமோ என்று ஐயப்படுவதாகவும் எழுதியிருந்தீர். கடிதம் தட்டச்சு செய்யும்போது வராத கோளாறு எக்ஸ்போர்ட்டில் மட்டும் வருகிறது என்றால், நான் முதலில் பார்ப்பது சூடு வெளியேறும் வழியைத்தான்.

வீடியோ எக்ஸ்போர்ட் ஆகும்போது கணினியின் மூளையான புரொசசர் சிப் மணிக்கணக்கில் ஓய்வின்றி உழைக்கிறது. அதில் பிறக்கும் சூட்டை ஒரு செப்புக் குழாய் வாங்கிக்கொள்கிறது. குழாயினுள் இருக்கும் சொற்பத் திரவம் சூடான முனையில் ஆவியாகி, மெல்லிய உலோகத் தகடுகள் உள்ள மறுமுனையில் குளிர்ந்து திரும்புகிறது. அத்தகடுகளுக்கு ஊடாகக் காற்றை ஊதி வெளியே தள்ளுவதுதான் விசிறியின் வேலை. இவ்வழி எங்கே அடைபட்டாலும் சூடு சிப்பிலேயே தேங்கும். பல இன்டெல் சிப்களுக்கு 100 பாகை செல்சியஸ் அளவில் எல்லை வகுத்திருக்கிறார்கள். அதை நெருங்கும்போது சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும்.

என் மகளின் மடிக்கணினியும் சென்ற மாதம் இப்படித்தான் இரைந்துகொண்டிருந்தது. வெளியே பார்த்தால் காற்றுத் துவாரங்கள் சுத்தமாகவே தெரிந்தன. அடிமூடியைக் கழற்றி விசிறியையும் எடுத்த பிறகுதான், விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போலத் தூசி படிந்திருப்பது தெரிந்தது. இங்கே கடற்காற்றின் ஈரமும் சேர்வதால் அது ஊதினால் பறக்காது. சிறு இடுக்கியால் உரித்தே எடுக்க வேண்டியிருந்தது. நீரும் கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, உள்ளே பற்றரியின் இணைப்பையும் எடுத்துவிட்ட பிறகு இதைச் செய்யும். காற்று அடிப்பதானால் விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளும். கட்டுப்பாடின்றிச் சுழன்றால் அதன் அச்சு பழுதாகும். சிப்புக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையில் சூட்டைக் கடத்தும் பசை காய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அதற்கு மட்டும் கைப்பழக்கமுள்ள திருத்துநரை நாடுவது நல்லது.

தூசி எடுத்த பிறகும் சூடு மிஞ்சினால், விண்டோஸின் பவர் ஒப்ஷன்ஸ் பகுதியில் புரொசசரின் உச்ச அளவு 100 வீதம் என்றிருப்பதை 99 ஆக்கிப் பாரும். ஒரு வீதத்தில் என்ன வரப்போகிறது என்று சிரிப்பீர். பல கணினிகளில் அந்த ஒரு வீதம் டேர்போ எனப்படும் கூடுதல் வேகத்தையே நிறுத்திவிடும். அந்தக் கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. மின்நுகர்வோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. ஆகவே வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்தால் சூடு அதைவிடப் பெருமளவில் தணியும். எக்ஸ்போர்ட் சற்று நீளும்தான். பாதியில் அணைந்து முதலிலிருந்து தொடங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

கடையில் விற்கும் விசிறி வைத்த தட்டை உடனே வாங்க வேண்டாம். உள்ளே அடைப்பு இருக்கையில் கீழிருந்து ஊதிப் பெரும்பயன் இல்லை. மெத்தையில் வைக்காமல் மேசையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு கட்டைகளால் உயர்த்தினாலே அடிப்புறத் துவாரங்களுக்குக் காற்று கிடைக்கும். கச்சான் காற்று வீசும் இந்நாட்களில் பகலில் அறையே 33, 34 பாகையில் கிடக்கிறது. எந்த விசிறியாலும் கணினியை அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. ஆகவே பெரிய எக்ஸ்போர்ட்டுகளை இரவுக்கு ஒதுக்கி வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர். முழுச் சார்ஜில், ஓயாத சூட்டில் கிடக்கும் லித்தியம் பற்றரி விரைவில் முதுமையடையும், சில வேளை வீங்கவும் செய்யும். டச்பேட் மேலெழுந்திருந்தாலோ மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ மேற்சொன்ன எதையும் செய்யாமல், சார்ஜும் ஏற்றாமல், முதலில் பற்றரியை மாற்றுவியும். அப்படி ஏதும் இல்லையானால் தூசி எடுப்பதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்போர்ட்டின்போது வெப்பநிலை எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து எனக்கு எழுதும். பசையை மாற்ற வேண்டுமா என்பதை அதை வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உமது நண்பன்