துளை போட அவசரப்படாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமலே மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. வலி குறைந்ததும் அதை நிறுத்திவிடுகிற ஆள் நீ, எனக்குத் தெரியும். மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம்.

சரி, படகு விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், வாங்கிவிட்டேன். பன்னிரண்டு அடி நீளம், அலுமினியம், ரிவெட் அடித்தது. பின்னால் 9.9 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது பின்சுவரில் வெளியே மாட்டுகிற மோட்டார், கைப்பிடியைத் திருப்பி ஓட்டுகிற வகை. "அதில் என்னவெல்லாம் மாட்டியிருக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். இதுவரை மோட்டாரைத் தவிர எதையும் நிரந்தரமாக மாட்டவில்லை. வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறேன். நீயும் ஒன்று வாங்கப் போவதாக எழுதியிருப்பதால் அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதுப் படகு வந்த உடனே எல்லோருக்கும் கை பரபரக்கும். மேடை கட்டலாம், சுழல் நாற்காலி வைக்கலாம், மீன் காட்டும் கருவி பொருத்தலாம் என்று டிரில்லை எடுத்துவிடுவார்கள். ஆனால் இவ்வளவு சின்னப் படகில் எந்த எடை எங்கே உட்கார வேண்டும் என்பது தண்ணீரில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஓட்டுகிறவன் பின்னால், மோட்டாருக்குப் பக்கத்தில் உட்காருகிறான். மோட்டார் எடையே ஏறக்குறைய நாற்பது கிலோ. பெட்ரோல் டேங்க்கையும் பேட்டரியையும் அவன் காலடியிலேயே வைத்துவிட்டால் முன்பக்கம் வானத்தைப் பார்த்து எழும். எதிரில் வருவது தெரியாது, காற்றடித்தால் முன்பக்கம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும், படகு தண்ணீரின் மேல் ஏறி ஓடத் திணறும். அதே டேங்க்கை நடுப் பலகைக்கு முன்னால் தள்ளிவிடு, வேறு படகில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பன்னிரண்டு லிட்டர் பெட்ரோலின் எடை ஒன்பது கிலோவுக்குள்தான். அதை ஒரு மீட்டர் நகர்த்தினாலே இந்தப் படகில் வித்தியாசம் தெரிகிறது. நூறு ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி என்றால் முப்பது கிலோவுக்குப் பக்கம் வரும், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் அதில் பாதியும் இருக்காது. அதனால் நான் எல்லாவற்றையும் இப்போதைக்குப் பட்டைகளால் கட்டி வைத்து, இடம் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கிறேன். இடம் சரியென்று நிச்சயமானபின் திருகாணி போட்டுக்கொள்ளலாம்.

துளையைப் பற்றி இவ்வளவு யோசிக்க இன்னொரு காரணமும் உண்டு. அலுமினியத்தில் போட்ட துளை போட்டதுதான். அடைக்கலாம், ஆனால் பழையபடி ஆகாது. அதைவிட முக்கியம், அந்தத் துளையில் எந்த உலோகம் போகிறது என்பது. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில், அதுவும் உப்புத் தண்ணீரில் இருந்தால், அவற்றுக்கிடையே சின்ன மின்னோட்டம் உண்டாகி ஒன்று அரிபடும். அலுமினியமும் செம்பும் சேர்ந்தால் அரிபடுவது எப்போதும் அலுமினியம்தான். ஆகவே செம்பு, பித்தளைப் பொருள்கள் எதுவும் படகின் உடலைத் தொடக் கூடாது. அடியில் விழுந்து கிடக்கும் செம்பு நாணயம், வெட்டிப்போட்ட ஒயர் துண்டுகூட நாளடைவில் அந்த இடத்தில் குழி பறித்துவிடும். ஸ்டெயின்லெஸ் திருகாணி போடலாம். ஆனால் நைலான் வாஷரும் உலோகங்களைப் பிரித்துவைக்கும் பசையும் சேர்த்துப் போட வேண்டும். இல்லையென்றால் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்க ஆரம்பிக்கும்.

தரைக்குப் பலகை போடுகிறபோது இதைக் கட்டாயம் நினைவில் வை. செல்லரிக்காமல் இருக்க மருந்தேற்றிய பிளைவுட் வாங்கினால் அதில் செம்புச் சேர்மம் இருக்க வாய்ப்பு அதிகம். ஈரம் பட்டால் அது கசிந்து அலுமினியத்தைத் தின்னும். சாதாரண மரைன் பிளைவுட் வாங்கி, ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் எபாக்சி பிசின் பூசிக்கொள்வதே நல்லது. பாசி பிடிக்காமல் இருக்க அடியில் பெயின்ட் அடிப்பதாக இருந்தாலும் செம்பு கலந்த வகை வேண்டாம்.

மின்சாரத்துக்கும் இதே கதைதான். காரில் பாடியையே நெகட்டிவ் ஒயராகப் பயன்படுத்துவது போல இங்கே செய்யக் கூடாது. ஒவ்வொரு விளக்குக்கும் பம்புக்கும் போக ஒரு ஒயர், திரும்பி வர ஒரு ஒயர் என்று இரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும். உடல் வழியாக மின்சாரம் கசிந்தால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். பேட்டரி பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைத்துவிடு. மோட்டாரில் அரிப்புக் கட்டி என்று ஓர் உலோகத் துண்டு மாட்டியிருக்கும், அது எந்த உலோகம் என்பதையும் பார். உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மெக்னீசியம், இரண்டுக்கும் பொதுவாக அலுமினியக் கலவை. நமக்குப் பதிலாகக் கரைவதுதான் அதன் வேலை, அதனால் அதன் மேல் பெயின்ட் அடித்துவிடாதே.

உட்காரும் குறுக்குப் பலகைகளை வெட்டிவிட்டு இடம் பண்ணலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து வேண்டாம். பல படகுகளில் அந்தப் பலகைதான் இரண்டு பக்கச் சுவர்களையும் விலகாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் உள்ளே அடைத்திருக்கும் நுரைதான் படகுக்குள் தண்ணீர் நிறைந்தாலும் அதை மூழ்காமல் மிதக்க வைக்கிறது. நாம் பற்றிக்கொள்ள ஏதாவது இருக்கும் என்ற நம்பிக்கையே அதுதான். உயரமான மேடை கட்டி அதன் மேல் நின்றாலும் எடை மேலே ஏறிப் படகு ஆட்டம் காணும்.

மோட்டார் வாங்குவதற்கு முன் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. படகின் பின்சுவரின் உயரத்தை மேல் விளிம்பிலிருந்து அடிவரை அளந்துகொள். சுமார் 15 அங்குலம் என்றால் ஷார்ட் ஷாஃப்ட் (கால் குட்டையான மோட்டார்), 20 அங்குலம் என்றால் லாங் ஷாஃப்ட் (கால் நீளமானது). ப்ரொப்பல்லருக்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கும், பார்த்திருப்பாய். மோட்டார் நேராக நிற்கும்போது அந்தத் தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருந்தால் சரி. அதிகம் கீழே போனால் தண்ணீர் இழுத்துப் பிடிக்கும், பின்னால் தெறிக்கும். மேலே போனால் திருப்பங்களில் ப்ரொப்பல்லர் காற்றை உறிஞ்சிவிடும். மோட்டார் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. எத்தனை குதிரைத்திறன்வரை மாட்டலாம், எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதற்குப் படகில் பதித்திருக்கும் உற்பத்தியாளர் தகடு என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு.

மோட்டாரை இறுக்கும் இரண்டு கைத்திருகுகளை மட்டும் நம்பியிருக்காதே. அதிர்வில் தளர்ந்துவிடும். பின்சுவர் வழியாக போல்ட் போட்டு, துளையைச் சுற்றி சீலன்ட் வைத்து இறுக்கிவிடு. நான் துளை போட்டது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான். மோட்டார் பிராக்கெட்டில் வரிசையாக இருக்கும் துளைகளில் ஒரு ஊசி செருகியிருக்கும். அது பின்சுவருக்குக் கிட்டே இருந்தால் முன்பக்கம் தாழும், தள்ளி இருந்தால் எழும். வேகத்தில் முன்பக்கம் எம்பி எம்பிக் குதித்தால் ஊசியை ஒரு துளை உள்ளே மாற்றிப் பார், அல்லது எடையை முன்னால் நகர்த்து. பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

புது இன்ஜினுக்கு முதல் பத்து மணி நேரம்தான் முக்கியம். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு பழகிப் படிவது அப்போதுதான். என் மோட்டாரின் கையேடு சொல்கிறபடி முதல் ஒரு மணி நேரம் பாதி த்ராட்டிலைத் தாண்டவில்லை. இரண்டாவது மணி நேரம் முக்கால்வரை. அதன் பின் எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஒரே மூச்சாக ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஒரே வேகத்திலும் வைத்திருக்காமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். இருபது மணி நேரம் ஆனதும் இன்ஜின் ஆயில், கியர் ஆயில் இரண்டையும் மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு மோட்டாருக்கும் கணக்கு சற்று மாறும், உன் கையேட்டைப் பார்த்துக்கொள். பக்கவாட்டில் சிறு நீர்த்தாரை வருகிறதா என்பதை ஸ்டார்ட் செய்ததும் பார்க்கப் பழகு. அது வராவிட்டால் குளிர்விக்கும் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடு. தண்ணீர் இல்லாமல் தரையில் ஸ்டார்ட் செய்யவே கூடாது, உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும்.

அப்புறம், இன்ஜினை அணைக்கும் அந்தச் சிவப்புக் கயிறு. கையிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டாமல் கியர் போடாதே. கைப்பிடி பிடித்து ஓட்டுகிறவன் தவறி விழுந்தால் ஆளில்லாத படகு வட்டமடித்து அவன் மேலேயே திரும்பி வரும். நீ தனியாக ஓட்டப் போகிற ஆள், அதிலும் புது முழங்காலோடு. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் கோபித்துக்கொள்ளாதே. ஜோடித் துடுப்பும் படகில் இருக்கட்டும்.

ரிவெட் ஒழுகுமா என்று பயந்திருக்கிறாய். சந்தேகமிருந்தால் படகை டிரெய்லரில் நன்றாகத் தாங்குகொடுத்து நிறுத்தி, உள்ளே சில அங்குலம் மட்டும் தண்ணீர் ஊற்று. எங்கே ஒழுகுகிறது என்பது வெளியிலிருந்து தெரிந்துவிடும். அந்த ரிவெட்டைத் திரும்ப இறுக்கலாம் அல்லது மாற்றலாம். வாழ்நாள் பிரச்சினை ஒன்றுமில்லை.

நீ பார்த்துவைத்திருக்கும் படகின் பின்சுவர் உயரத்தையும் தகட்டில் இருக்கும் விவரங்களையும் எழுதி அனுப்பு. மோட்டாருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அனுப்பு. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்